இண்டஸ்ட்ரியல் ஹைஜீன் படிக்கலாமா? வீட்டில் ‘பினாயில் ஊற்றுகிற வேலையா’ என்று கேட்கிறார்கள்

#1 காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பள்ளிபாளையம். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஓராண்டாக ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிறேன். தண்ணீரில் பி.எச்., டி.டி.எஸ். பார்த்து நோட்டில் எழுதுவதுதான் வேலை. இப்போது சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் ஹைஜீன் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருக்கிறது.

வீட்டில் பெயரைச் சொன்னதும் அம்மா, “ஆஸ்பத்திரியில பினாயில் ஊத்துற வேலைக்கு ரெண்டு வருசப் படிப்பா?” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் தறிக்காரர், பொதுவாகவே பேச்சு குறைவு. பக்கத்து வீட்டு அண்ணன், “ஓராண்டு சேஃப்டி டிப்ளமோ போட்டுவிட்டு துபாய் போ, இதெல்லாம் எவனும் கேள்விப்படாத படிப்பு” என்கிறார்.

பத்து நாளில் பணம் கட்ட வேண்டும். இந்தத் துறையில் நிஜமாகவே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். வேலை என்ன, எங்கே கிடைக்கும், கெமிஸ்ட்ரி படித்தவளுக்குச் சரிப்படுமா?

#2 சேஃப்டி_சரவணன்

தங்கச்சி, பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. நான் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். வேலைவாய்ப்புத் தளங்களில் சேஃப்டி என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். ஹைஜீனிஸ்ட் என்று தேடினால் பல் டாக்டர் கிளினிக் விளம்பரம் வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தேடிப் பாருங்கள்.

காரணம் சட்டம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் சேஃப்டி ஆபீசர் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது 500 ஆகக் குறைந்திருக்கிறது, ஆபத்தான தொழில்முறை என்றால் 250. ஹைஜீனிஸ்ட் வைக்க வேண்டும் என்று யாருக்கும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

ஆனால் மீதிப் பாதியையும் கேளுங்கள். சேஃப்டி ஆபீசர் தகுதிக்கு பொறியியல் படித்தவர்களுக்கு மேற்பார்வைப் பணியில் 2 ஆண்டு அனுபவம் போதும். இயற்பியல், வேதியியல் பட்டதாரிகளுக்கு 5 ஆண்டு கேட்பார்கள். அதற்கு மேல்தான் டிப்ளமோ. அதனால் உங்களுக்கு ‘ஓராண்டில் துபாய்’ என்பது அவ்வளவு நேர்வழி இல்லை.

இன்னொரு தகுதியும் அந்த விதியில் உண்டு: தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஆலையில் இன்று அது ஒடியாவும் இந்தியும்தான். நான் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

#3 பம்ப்_மாமா

இருபத்தெட்டு ஆண்டு இந்த வேலைதான் செய்தேன். போன மார்ச்சில் ஓய்வு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: “வேலை செய்யும் ஆள் எட்டு மணி நேரத்தில் எதை, எவ்வளவு மூச்சில் இழுக்கிறான், எவ்வளவு சத்தம் கேட்கிறான், எவ்வளவு வெக்கையில் நிற்கிறான் என்று அளந்து, அதைக் குறைக்க வழி சொல்கிற வேலை.” சேஃப்டிக்காரர் கவலை இன்று மதியம் கை போய்விடக் கூடாது என்பது. நம் கவலை அதே ஆளுக்கு ஐம்பது வயதில் மூச்சு இருக்க வேண்டும் என்பது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றியதுதான், ஆனால் கை போனால் அன்றே எல்லோருக்கும் தெரியும். நுரையீரல் போவது யாருக்கும் தெரியாது. நம் துறைக்குப் பட்ஜெட் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

நான் அளந்த விதம் சொல்கிறேன். சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பேட்டரி பம்ப் ஒன்று. அதை இடுப்பு பெல்ட்டில் மாட்டுவோம். அதிலிருந்து ஒரு குழாய் முதுகு வழியாக ஏறிச் சட்டைக் காலருக்கு வரும், மூக்கிலிருந்து ஒரு அடிக்குள். நுனியில் சைக்ளோன் என்று ஒரு சின்னக் கருவி. அது பெரிய தூசியைக் கீழே தள்ளிவிட்டு, நுரையீரலின் அடி வரை போகக்கூடிய நுண்தூசியை மட்டும் ஃபில்டருக்கு அனுப்பும். நைலான் சைக்ளோன் என்றால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர் காற்று. அதைவிட வேகமாக இழுத்தாலும் தப்பு, மெதுவாக இழுத்தாலும் தப்பு, சைக்ளோன் வேறு அளவுத் தூசியைப் பிரித்துவிடும். அதனால் காலையில் மாட்டும் முன்னும் மாலையில் கழற்றிய பின்னும் பம்பின் ஓட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். இரண்டுக்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைய வேலை குப்பை. எட்டு மணி நேரம் வெயிலில் நின்றதும் குப்பைதான்.

என் முதல் வேலை ஒரு கல் கிரஷரில், நாமக்கல் பக்கம். எந்த கிரஷர் என்று சொல்ல மாட்டேன். ஜல்லி சலிக்கிற இடத்தில் நின்ற ஒருவருக்கு மாட்டிவிட்டேன். நாற்பது வயது இருக்கும். பயங்கர சந்தோஷம் அவருக்கு. பக்கத்தில் நின்றவரிடம், “எனக்கு மட்டும் மிஷின் குடுத்திருக்காங்க” என்று காட்டிக்கொண்டிருந்தார். மதியம் சோறு சாப்பிடும்போது என்னிடம் கேட்டார், “சார், இதப் போட்டா தூசி உள்ள வராதுல்ல?”

வரும், எவ்வளவு வருகிறது என்றுதான் இது எண்ணும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்தப் பம்பைப் பார்த்தார். அப்புறம், “சரி, எண்ணிட்டுச் சொல்லுங்க” என்றார்.

எண்ணினோம். கல் தூசியில் இருக்கும் சிலிக்காவின் அளவு, இன்றைய அமெரிக்கச் சட்ட வரம்பான கன மீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராமைப் போல ஆறு மடங்கு. அந்த நிர்வாகம் ரிப்போர்ட்டை வாங்கிவிட்டு என்னிடம் கேட்டது, “மழை பேஞ்ச மறுநாள் வந்து இன்னொரு தடவை எடுக்கலாமா?” இந்தப் படிப்பை முடித்தால் இந்தக் கேள்வியை நீங்கள் நிறையக் கேட்பீர்கள். அதற்கு முகம் கோணாமல் “முடியாது” என்று சொல்லத் தெரிய வேண்டும். எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில் அது இருக்காது.

கெமிஸ்ட்ரி சரிப்படுமா என்றால், கெமிஸ்ட்ரிக்காரர்கள்தான் இதில் நன்றாக வருவார்கள். பி.எச். பார்த்து எழுதும்போது பஃபர் போட்டுச் சரிபார்க்காமல் எழுதியதில்லை அல்லவா? அந்தப் பழக்கம் போதும்.

#4 மொட்டைமாடி

‘எண்ணிட்டுச் சொல்லுங்க’ என்ற இடத்தில் டீ ஆறிப்போச்சு மாமா.

#5 காவிரிக்கரை

பம்ப் மாமா, மிக்க நன்றி. (மாமா என்று கூப்பிடலாம்தானே, பெயரே அப்படி இருக்கிறது.) அந்த 0.05 அமெரிக்கச் சட்டம் என்கிறீர்கள். நம் சட்டத்தில் வரம்பே இல்லையா? அப்புறம் பெண்கள் இந்த ஃபீல்டு வேலையில் இருக்கிறார்களா? சம்பளம் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

#6 பம்ப்_மாமா

தாராளமாகக் கூப்பிடுங்கள்.

வரம்பு இருக்கிறது. 1984 போபாலுக்கு அப்புறம்தான் வந்தது. 1987-இல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 41-எஃப் என்ற பிரிவையும், எந்தப் பொருள் காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்ற இரண்டாம் அட்டவணையையும் சேர்த்தார்கள். சிலிக்காவுக்கு அதில் நேரடி எண் கிடையாது, ஒரு சூத்திரம்: தூசியில் உள்ள குவார்ட்ஸ் (கல்லில் இருக்கும் படிகச் சிலிக்கா) சதவீதத்தோடு 2-ஐக் கூட்டி, 10-ஐ அதனால் வகுக்க வேண்டும். நுண்தூசியில் 20 சதவீதம் குவார்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ஐ 22-ஆல் வகுத்தால் 0.45 மில்லிகிராம் தூசி. அதில் ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கா, அதாவது சுமார் 0.09. அமெரிக்காவில் 2016-இல் 0.05 ஆக்கினார்கள். அங்குள்ள துறை வல்லுநர் அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச். பரிந்துரைப்பது 0.025.

ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். அந்த அட்டவணையில் 10 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் பத்துப் பங்கு), ஏ.சி.ஜி.ஐ.எச். சொல்வது 1. நூறு பி.பி.எம். பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டதே என்று தோல் ஆலைத் தொட்டிக்குள் இறங்கியவர்கள் திரும்பி வந்ததில்லை.

சம்பளம், பெண்கள் இரண்டுக்கும் நான் பதில் சொன்னால் நன்றாக இருக்காது. லேப் அக்கா இந்தப் பக்கம் வருவார்.

#7 லேப்_அக்கா

வந்துவிட்டேன்.

சம்பளம்: 2014-இல் சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் 13,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் ஐ.டி.யில் அதற்கு இரண்டு பங்கு வாங்கினார்கள். நான்கு ஆண்டு அப்படியே ஓடியது. அப்புறம் ஹைதராபாத்தில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போனேன், அங்கேதான் நிமிர்ந்தேன். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் சொல்கிறேன்: நம் நாட்டில் ஹைஜீனிஸ்டை மதித்துக் காசு கொடுப்பவர்கள் பெரும்பாலும் மருந்து நிறுவனங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, வெளிநாட்டுத் தலைமை உள்ள ரசாயன ஆலைகள். புற்றுநோய் மருந்து, ஹார்மோன் மருந்து பலவும் காற்றில் மைக்ரோகிராமுக்கும் கீழே இருக்க வேண்டும். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அதற்குச் சான்று கேட்கும். மருந்துப் பொடியை மூடிய பெட்டிக்குள் வைத்தே கையாளும் ஐசோலேட்டர் புதிதாக வந்தால் நிஜ மருந்தை அதில் போடுவதற்கு முன் லாக்டோஸ் அல்லது நாப்ராக்சன் பொடியைப் போட்டு, எவ்வளவு கசிகிறது என்று அளப்போம். சுத்தமான கெமிஸ்ட்ரி வேலை. உங்களுக்குப் பிடிக்கும்.

பெண்கள்: லேபில் நிறைய, ஃபீல்டில் குறைவு. ஃபீல்டில் முதல் பிரச்சினை தூசியோ சத்தமோ கிடையாது, கழிப்பறை. பன்னிரண்டு மணி நேரம் பம்போடு நிற்கிற இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்று வேலை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுவேன். முதல் ஆண்டு கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வந்தது. அடுத்தவர் ஆரோக்கியத்தை அளக்கப் போனவளுக்கு இது தேவையா!

ஆனால் ஒரு லாபமும் உண்டு. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் பசை ஒட்டும் வரிசையில் பெரும்பாலும் பெண்கள். ஆண் போய்க் காலரில் குழாய் மாட்டினால் நெளிவார்கள். நான் போனால் தலைவலி, மாதவிடாய், பிள்ளை பேச்சு எல்லாம் வரும். பாதி சர்வே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஒரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது, ஆடிட் அன்று மட்டும்தான் மேலே உள்ள எக்ஸாஸ்ட் ஓடுகிறது என்று. அன்றிலிருந்து எக்ஸாஸ்டைப் பார்த்ததும் பையில் இருக்கும் ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். அதற்கென்று விற்கும் புகைக்குழாய் விலை அதிகம். ஊதுபத்தி எங்கேயும் கிடைக்கும். (பசை இருக்கிற மேசைப் பக்கம் கொளுத்திவிடாதீர்கள்! கரைப்பான் இல்லாத இடத்தில் மட்டும்.)

இன்னொரு விஷயம், உங்கள் பக்கத்து ஊர் சம்பந்தப்பட்டது. பசை ஆவியைப் பிடிக்க நாங்கள் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது தேங்காய்ச் சிரட்டைக் கரி. முன்பகுதியில் 100 மில்லிகிராம், பின்பகுதியில் 50. பின்பகுதியில் முன்பகுதியில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிட்டால், ஆவி நிரம்பி வழிந்துவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும். காங்கேயம் பக்கம் சிரட்டை சுடுகிற புகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழாய்தான் ஞாபகம் வரும்.

#8 விட்டுட்டேன்

எல்லோரும் இனிக்க இனிக்க எழுதுகிறீர்கள். நான் ஏழு ஆண்டு கன்சல்டன்சியில் இருந்துவிட்டு விட்டேன். இப்போது மாவு மில் வைத்திருக்கிறேன், நிம்மதி.

ஏன் விட்டேன் என்று அந்தப் பெண் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் அளக்கும் எண் எங்கே போகிறது? ஒரு ஃபைலுக்கு. ஃபைல் எங்கே போகிறது? ஆடிட்டர் வந்தால் மேசைக்கு, போனால் பீரோவுக்கு. சர்வேக்குப் பணம் கொடுப்பவர் ஆலை முதலாளி. வரம்புக்கு மேல் வந்தது என்று தொடர்ந்து எழுதும் கன்சல்டன்ட்டை அவர் அடுத்த ஆண்டு கூப்பிட மாட்டார். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து, வரம்புக்குள் என்று எழுதித் தருவார், பாதி விலைக்கு. அவர் பம்பையே ஆன் செய்யாமல் எழுதுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

தொழிலாளிக்கு அந்த எண் தெரியுமா? நான் ஏழு ஆண்டில் எழுதிய எந்த ரிப்போர்ட்டும் அளக்கப்பட்ட ஆளின் கைக்குப் போகவில்லை. மாமா, ‘எண்ணிட்டுச் சொல்லுங்க’ என்றாரே, அவரிடம் சொன்னீர்களா?

#9 பம்ப்_மாமா

இல்லை. சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்று ஒரு மாதம் கழித்துப் போனபோது அவர் வேறு குவாரிக்குப் போயிருந்தார். விலாசம் கேட்டு அலைந்தேன் என்று எழுதினால் பொய். அலையவில்லை.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மாலையில் பம்பைக் கழற்றும்போது அந்த ஆளின் பெயரை ஃபில்டர் எண்ணோடு என் சொந்த நோட்டிலும் எழுதிக்கொள்வேன். முடிவு வந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஆலையின் பாதுகாப்புக் குழுவில் உள்ள தொழிலாளர் பிரதிநிதி வழியாகக் கொடுக்கச் சொல்வேன். அப்படிக் கொடுக்கச் சம்மதிக்கும் நிர்வாகத்துக்குத்தான் வேலை செய்வேன் என்று கோட்பாடெல்லாம் பேசியதில்லை, எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஆனால் கேட்காமல் விட்டதில்லை. போபாலுக்குப் பின் வந்த அந்தத் திருத்தத்தில், ஆபத்துகளைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்பதும், உடல்நலப் பதிவேட்டை அவர் பார்க்கலாம் என்பதும் இருக்கிறது. கேட்டால் பாதிப் பேர் கொடுத்தார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள்.

எண் ஃபைலில் தூங்குகிறது என்பது சரி. ஆனாலும் ஃபைலில் இல்லாமலே போவதைவிட அது மேல். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வாட்டர்டவுனிலிருந்து எண்பதுகளில் அங்கே வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் தூள் மூஞ்சிக்கல் காயலான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து 2001-இல் மூடினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். நடுவில் பதினைந்து ஆண்டு. அவ்வளவு காலமும் வாதம் எதைப் பற்றி? இவர்கள் நோய்க்கும் அங்கே இருந்த பாதரசத்துக்கும் தொடர்பு உண்டா என்பது பற்றி. பதினைந்து ஆண்டு கழித்து யாருடைய மூச்சையும் போய் அளக்க முடியாது. அன்றன்றைக்கு அளந்து தேதி போட்டு வைத்தால்தான் உண்டு.

ஆன் செய்யாத பம்ப் ரிப்போர்ட்டை நானும் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வேடிக்கை, எட்டுப் பேருக்கும் ஒரே அளவு வரும். நிஜத்தில் ஒரே வேலை செய்கிற இரண்டு பேருக்குக்கூட ஒரே எண் வராது.

#10 ஆலை_டாக்டர்

எம்.பி.பி.எஸ். முடித்து, தொழிலாளர் உடல்நலத்துக்கான மூன்று மாத ஏ.எஃப்.ஐ.எச். படிப்பும் முடித்து, ஆலை மருத்துவராக இருக்கிறேன். தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்தில்தான் படித்தேன். அதே வளாகத்தில் சேஃப்டி டிப்ளமோவும் நடக்கிறது, #2 கவனிக்க.

விட்டுட்டேன் சொல்வது கசப்பாக இருந்தாலும் தவறில்லை. ஆனால் மருத்துவர் பக்கமிருந்து ஒன்று. கிரஷரில் வேலை பார்த்தவர் இருமிக்கொண்டு வருகிறார். எக்ஸ்ரேயில் மேல்பகுதியில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. நம் ஊர் மருத்துவருக்கு உடனே தோன்றுவது காசநோய். ஆறு மாதம் மருந்து, குணமில்லை, மறுபடி மருந்து. அது சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸாக இருக்கலாம். சிலிக்கா போன நுரையீரலில் காசநோயும் எளிதில் ஒட்டும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். “என்ன வேலை பார்த்தீங்க, எத்தனை வருசம்?” என்ற ஒரு கேள்வி போதும், ஆனால் கூட்டமான ஓ.பி.யில் அதைக் கேட்பவர் குறைவு. இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய், சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. நோயாளியோடு ஒரு ஹைஜீன் ரிப்போர்ட்டும் என் மேசைக்கு வந்தால் ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பேன்.

லேப் அக்காவுக்கு ஒரு கேள்வி. பசையில் உள்ள டொலுயீன் என்ற கரைப்பான் உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று அறிய, சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலம் பார்க்கிறீர்களா இன்னும்? கலர் சோடா குடித்தவருக்கெல்லாம் அது ஏறிக்கிடக்கிறது.

#11 லேப்_அக்கா

விட்டுவிட்டோம் டாக்டர். சோடாவில் போடும் பென்சோயேட்டும் உடம்புக்குள் அதே பொருளாகத்தான் மாறும். ஒரு தடவை ஆபீஸ் டைப்பிஸ்டுக்குத்தான் வரிசையிலேயே அதிக அளவு வந்தது. விசாரித்தால் தினம் இரண்டு பாட்டில்.

#12 யாழ்_பீஎச்ஐ

நான் யாழ்ப்பாணத்திலை பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தங்கச்சி கேட்டது தொழிற்சாலை பற்றி எண்டாலும், சுற்றாடல் சுகாதாரம் பக்கமும் ஒரு வழி இருக்கெண்டு சொல்ல வந்தன். எங்கட நாட்டிலை இது அரச உத்தியோகம். களுத்துறையிலை தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனத்திலை பயிற்சி. பிறகு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் ஒரு பிரிவு உங்கட பொறுப்பு. உணவுக்கடை, டெங்கு, பாடசாலை, கிணறு, சின்னத் தொழிற்சாலை எல்லாம் ஒரே ஆளுக்கு.

கிணறு எண்டதும் ஒரு விசயம். எங்கட நிலத்தடி சுண்ணாம்புக் கல். வெங்காயம், புகையிலைக்குப் போடுற பசளை நேரே இறங்கிக் கிணத்துக்குள்ளை நைத்திரேற்றாய் வரும். குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆனால் ஆய்வுகூடத் தாளிலை சிலவேளை நைதரசனாய்க் கணக்குப் போட்டுத் தருவினம், அந்தக் கணக்கிலை எல்லை 11 அளவிலைதான். ஒருக்கால் ‘14’ எண்டு வந்த தாளைப் பார்த்து “ஐம்பதுக்குள்ளைதானே” எண்டு ஒரு உத்தியோகத்தர் விட்டிட்டார். அது 60-க்கு மேலை. அந்த வீட்டிலை புட்டிப்பால் குடிக்கிற குழந்தை இருந்தது, நல்லகாலம் ஒண்டும் நடக்கேல்லை. அலகை வாசிக்காத ஆள் இந்த வேலைக்கு வரக்கூடாது.

#13 ஜூரோங்_ஜெகன்

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறேன், ஹைஜீன் டெக்னீஷியன். இங்கே சத்தத்துக்குச் சட்ட வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் என்றால் ஆண்டுதோறும் காது பரிசோதனை கட்டாயம், அந்த முடிவை அரசுக்கு அனுப்ப வேண்டும். அதனால் என் மாதிரி ஆட்களுக்கு வேலை இருக்கிறது. சட்டம் எங்கே கேட்கிறதோ அங்கேதான் ஹைஜீனிஸ்ட் பிழைப்பான், அவ்வளவுதான்.

காவிரிக்கரை, பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். ஓ.எச்.டி.ஏ. என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பின் பாடப் புத்தகங்களை அவர்கள் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 201 அடிப்படை, 501 வேதிப்பொருள் அளவீடு, 502 வெக்கை, 503 சத்தம். அந்த 201-ஐ ஒரு வாரம் படித்துப் பாருங்கள். தூக்கம் வந்தால் சேஃப்டிக்குப் போங்கள். தூக்கம் போனால் இங்கே வாருங்கள்.

#14 காவிரிக்கரை

201 படித்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் பற்றிய பகுதி வந்ததும் நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டில் டி.வி. எப்போதும் முழுச் சத்தத்தில்தான் ஓடும். ‘அப்பா அப்படித்தான்’ என்று நாங்கள் பழகிவிட்டோம். கல்யாண வீட்டில் யாராவது பேசினால் சிரித்துத் தலையாட்டுவார், பதில் சொல்ல மாட்டார். ‘பேச்சு குறைவு’ என்று முதல் பதிவில் எழுதினேனே, அதை இப்போது திரும்பப் படித்தால் என்னவோ போல் இருக்கிறது. முப்பத்தொரு ஆண்டாகத் தறி ஓட்டுகிறார், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.

நேற்று பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது போனில் ஒரு ஆப் போட்டு அளந்தேன். 97 காட்டியது. இது நம்பக்கூடிய எண்தானா?

#15 பம்ப்_மாமா

ஆண்ட்ராய்டு போன் என்றால் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒவ்வொரு போனிலும் மைக் ஒரு மாதிரி. அமெரிக்க அரசின் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு நல்ல ஆப் வைத்திருக்கிறது, அது ஐபோனுக்கு மட்டும். ஆனால் தறிப்பட்டறையில் 97 என்பது எனக்கு ஆச்சரியம் தரும் எண் இல்லை. நானே அதற்குப் பக்கத்தில் பல தடவை அளந்திருக்கிறேன்.

97 என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். நம் தொழிற்சாலை விதி 8 மணி நேரத்துக்கு 90 என்கிறது, ஐந்து டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 97-இல் மூன்று மணி நேரம் நிற்கலாம். நியோஷ் கணக்கு வேறு. 85-இல் எட்டு மணி, மூன்று கூடினால் பாதி. 88-இல் நான்கு, 91-இல் இரண்டு, 94-இல் ஒன்று, 97-இல் அரை மணி. உங்கள் அப்பா நிற்பது பன்னிரண்டு.

டெசிபல் என்பது ரூபாய் மாதிரிக் கூட்டுகிற கணக்கு இல்லை, மூன்று கூடினால் சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்கு. இது புரியாமல்தான் “97-க்கும் 90-க்கும் ஏழுதானே வித்தியாசம்” என்று என்னிடம் எத்தனையோ மேனேஜர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் அப்பாவைக் காது மருத்துவரிடம் கூட்டிப் போய் ஆடியோகிராம் (எந்த அலைவரிசையில் எவ்வளவு கேட்கிறது என்ற பரிசோதனை) எடுங்கள். பட்டறைச் சத்தத்திலிருந்து குறைந்தது ஒரு பதினான்கு மணி நேரமாவது விலகி இருந்த பிறகு, வாரவிடுமுறை மறுநாள் காலையில்.

#16 சேஃப்டி_சரவணன்

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டறையில் எத்தனை பேர்? பழைய சட்டத்தில் மின்சாரத்தோடு பத்துப் பேர் இருந்தால் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் இருபது. நான் முதல் பதிவில் ‘ஆயிரம் 500 ஆனது’ என்று சந்தோஷமாக எழுதினேன், இந்தப் பக்கத்தை எழுத மறந்துவிட்டேன்.

#17 காவிரிக்கரை

ஆறு பேர். பத்திலும் வராது, இருபதிலும் வராது.

திங்கட்கிழமை ஈரோட்டில் எடுத்தோம். 4000 ஹெர்ட்ஸில் வலது காதுக்குச் சத்தம் 55 டெசிபல் இருந்தால்தான் கேட்கிறது, இடதுக்கு 60. 8000-இல் மறுபடி 40-க்கு வந்துவிடுகிறது. கீழே உள்ள அலைவரிசைகள் பரவாயில்லை. டாக்டர் அந்தக் கோட்டைப் பேனாவால் தொட்டு, “தறியா?” என்று கேட்டார். நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

#18 ஆலை_டாக்டர்

4000-இல் அந்தப் பள்ளம் சத்தத்தின் கையெழுத்து மாதிரி. வயதால் வருகிற செவித்திறன் குறைவு 8000 நோக்கிச் சரிந்துகொண்டே போகும், மேலே ஏறாது. போனது திரும்பாது என்பதைத் தெளிவாகவே சொல்கிறேன், யாராவது மருந்து, சொட்டு என்று விற்றால் வாங்காதீர்கள். இனிமேல் போவதைத் தடுக்கலாம். 60 என்ற அளவுக்குச் செவிக்கருவி பற்றிக் கேளுங்கள், ச, த, க போன்ற எழுத்துகள்தான் அவருக்கு முதலில் தொலைந்திருக்கும். கல்யாண வீட்டில் சிரித்துத் தலையாட்டியது அதனால்தான்.

#19 காவிரிக்கரை

இயர் பிளக் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டுவிட்டு எடுத்துவிட்டார். “நூல் அறுந்தா தறிச் சத்தம் மாறும். அதக் கேட்டுத்தான் நான் திரும்புறேன். இதப் போட்டா கேக்கல, துணி டேமேஜ் ஆகுது, கூலி புடிக்கிறாங்க.” இதற்கு என்னிடம் பதில் இல்லை.

#20 லேப்_அக்கா

அவர் சொல்வது நியாயம். ‘தொழிலாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போகிற இடம் இதுதான், தயவுசெய்து நீங்கள் அப்படி எழுதாதீர்கள். அதிகம் அடைக்கிற பிளக்கைக் கொடுத்திருப்பீர்கள். குறைவாக, எல்லா அலைவரிசையையும் ஒரே அளவில் குறைக்கும் வகை இருக்கிறது, இசைக்கலைஞர்கள் போடுவது. 97-லிருந்து ஒரு 12 குறைந்தாலே பெரிய விஷயம். தறியில் என்ன செய்ய முடியும் என்பதையும் பாருங்கள், நாடா அடிக்கிற பிக்கர் தேய்ந்திருந்தால் சத்தம் கூடும்.

#21 பம்ப்_மாமா

என்னிடம் பழைய நாய்ஸ் டோசிமீட்டர் ஒன்று இருக்கிறது, தோளில் மாட்டி ஷிப்ட் முழுக்கச் சத்தத்தை அளப்பது. அதைச் சரிபார்க்கும் காலிபரேட்டரும் இருக்கிறது. வரும் வாரம் ஈரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். அப்பா சம்மதித்தால் இரண்டு நாள், நாளுக்கு ஒரு முழு ஷிப்ட் அளந்துவிடலாம். நல்ல நிலையில் உள்ள தறியருகே ஒரு நாள், பிக்கர் தேய்ந்த தறியருகே ஒரு நாள். முடிவை முதலில் அவர் கையில்தான் கொடுப்பேன்.

#22 விட்டுட்டேன்

நானும் வரலாமா? ஈரோடு எனக்கு ஒரு மணி நேரம்தான். மாவு மில்லை மச்சான் பார்த்துக்கொள்வான்.

#23 காவிரிக்கரை

வியாழக்கிழமை பணம் கட்டிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் அது பினாயில் படிப்புதான்.

அப்பாவிடம் கேட்டேன், சரி என்றார். பட்டறை ஓனரிடமும் சொல்லியாயிற்று. “தறியெதையும் நிறுத்த மாட்டாங்களே?” என்று மட்டும் கேட்டார். நிறுத்த மாட்டோம் என்று சொல்லியிருக்கிறேன். பகல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. அதற்கு முன் வந்தால் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போகலாம். இரண்டு பேருக்கும் சேர்த்து அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்.